ரங்கூன் போனது ட்ரிப் இல்லை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுகிற தம்பி ஒருவன், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் இங்கிலீஷ் பேசிப் பழக வருகிறான். தூண் பர்மா தேக்கு, தரை ஆத்தங்குடிக் கல் என்பதையெல்லாம் தடங்கல் இல்லாமல் சொல்லிவிடுவான். போன வாரம் தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான், 'ஹி வென்ட் ஆன் எ ட்ரிப் டு பர்மா' என்று.

எனக்குச் சுருக்கென்றது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த மனிதர் ரங்கூனில் ஒரு கடையில் கணக்கெழுதப் போனவர், 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் காட்டு வழியாக மணிப்பூர் வரை நடந்தே வந்து, எப்படியோ ஊர் சேர்ந்தவர். கொடைக்கானலுக்கு ரெண்டு நாள் போய் வந்தால் அது ட்ரிப். இதுவுமா?

"எல்லாம் பயணம்தானே அக்கா?" என்றான். அங்கேதான் நாம் எல்லோருமே தடுக்கி விழுகிறோம்.

ஜர்னி என்ற சொல்லுக்குள்ளே பிரெஞ்சுக்காரர்களின் 'நாள்' இருக்கிறது, முதலில் ஒரு நாளில் நடந்து கடக்கும் தூரத்துக்கு வந்த பெயர். தைப்பூசத்துக்கு இங்கிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் இன்று ராத்திரி எந்த ஊர், நாளைக்கு எந்த ஊர் என்றுதான் வழியை அளக்கிறார்கள், அவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். டிராவல் இன்னும் கடுமையானது, பாடுபடுதல் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. (ஒன்று கவனியுங்கள், 'எ டிராவல்' என்று சொல்லக் கூடாது, ஒரு ட்ரிப், ஒரு ஜர்னி உண்டு, ஒரு டிராவல் கிடையாது. அதேபோல 'கோ டு அப்ராட்' தப்பு, 'கோ அப்ராட்' போதும்.)

எனக்கு ரொம்பப் பிடித்தது வாயேஜ். இன்றைக்கு நீண்ட கடல் பயணத்துக்குச் சொல்கிறோம், ஆனால் அதன் லத்தீன் மூலத்துக்கு வழிச்சோறு, வழிச்செலவு என்று அர்த்தம். பழந்தமிழில் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது, ஆற்றுணா. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. ரெண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. கப்பல் ஏறப் போகிறவருக்குச் சீடையும் முறுக்கும் ஊறுகாயும் ஜாடியிலும் டின்னிலும் கட்டிக்கொடுத்த வீடுகள் நம் ஊர் வீடுகள், இந்தச் சொல் நமக்கு எப்படி அந்நியமாகும்? இதைச் சொன்னபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கூடவே கிட்டங்கியையும் சொன்னேன். கடலுக்கு அந்தப் பக்கம், அக்கரையில், நம் ஆட்கள் தங்கிக் கணக்குப் பார்த்த அந்தக் கிட்டங்கியும் இங்கிலீஷின் கோடவுனும் சொந்தக்காரச் சொற்கள்தான்.

டூர் சுலபம். அதன் வேரே 'சுற்று', சுற்றுலாவில் இருக்கும் அதே சுற்று. கிளம்பிய இடத்துக்கே திரும்புவது. எக்ஸ்ப்ளோர் என்றால் தெரியாத இடத்தைத் துருவிப் பார்ப்பது, 'எக்ஸ்ப்ளோர் அபவுட்' வேண்டாம். எக்ஸ்பிடிஷன் என்றால் ஒரு நோக்கம், ஒரு குழு, ஏற்பாடு எல்லாம் வேண்டும், பிள்ளையார்பட்டிக்கு வேன் பிடித்துப் போவதற்கு அந்தச் சொல்லைப் போடாதீர்கள்.

மூன்று வருஷத் தவணைக்கு அக்கரை போவதை நம் பெரியவர்கள் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். அதற்குச் சரியான ஒற்றை இங்கிலீஷ் சொல் எனக்குக் கிடைக்கவில்லை, அப்படியே தமிழில் சொல்லிவிட்டு விளக்கச் சொன்னேன்.

நேற்று போன் பண்ணினான். வந்தவர்களிடம் முகப்பில் நின்று, 'தி வாயேஜ் அவுட் டுக் டேஸ், தி ஜர்னி ஹோம் டுக் மந்த்ஸ்' என்று சொன்னானாம். அடுத்த அறைக்குப் போகாமல் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து, முழுக்கதையும் கேட்டார்களாம்.