படம் பார்த்து மாட்டிய ஹோஸ்கள்

என் காரின் கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பொருத்த எனக்கு ஒரு பகல் போதுமானதாக இருந்தது. அதற்காக உருவிய வேக்குவம் ஹோஸ்களை (எஞ்சினின் உறிஞ்சலை மற்றப் பாகங்களுக்குக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய்கள்) உரிய இடங்களில் இணைத்து முடிக்க இரண்டு வாரங்கள் ஆயின. கழற்றுவதற்கு முன் கைபேசியில் எடுத்து வைத்த படங்களைப் பார்த்து ஒவ்வொன்றையும் இருந்தபடியே மாட்டினேன். எனக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவரே தவறாக மாட்டியிருக்கக்கூடும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

நிமிடத்துக்கு 800 சுற்றுகளில் நிற்க வேண்டிய ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்), ஸ்க்ரூவை முழுவதும் தளர்த்திய பிறகும் 1100க்குக் கீழே இறங்கவில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் தடுமாறியது. பானட்டின் அடியில் ஒட்டப்பட்டிருந்த ஹோஸ் வரைபடமோ பாதிக்கு மேல் கிழிந்து போயிருந்தது.

கார்புரேட்டரிலும், அதிலிருந்து கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டிலும் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் முனைகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திறக்கும் த்ராட்டில் தகட்டுக்கு எந்தப் பக்கத்தில் திறக்கின்றன என்பதைப் பொறுத்து அவற்றின் குணம் முற்றிலும் மாறிவிடுகிறது. தகட்டுக்குக் கீழே, மேனிஃபோல்டு பக்கம் திறக்கும் முனையில் ஐட்லிங்கிலேயே உறிஞ்சல் முழுமையாக இருக்கும். த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் விழுந்துவிடும். மூடிய தகட்டுக்குச் சற்று மேலே அமைந்த முனையில் ஐட்லிங்கின்போது உறிஞ்சல் அநேகமாக இராது. தகடு சிறிது திறந்து அந்தத் துளையைக் கடந்த பிறகுதான் அது தோன்றும். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. உறிஞ்சலைப் பாதரச அங்குலத்தில் அளக்கும் வேக்குவம் கேஜை ஒவ்வொரு முனையிலும் செருகிப் பார்த்தேன். கீழ்முனையில் முள் 18 அங்குலத்தில் அசையாமல் நின்றது. நல்ல நிலையிலுள்ள எஞ்சின், கடல் மட்டத்தை ஒட்டிய இடங்களில், பொதுவாக 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். மேல்முனையில் பூஜ்யம்.

அப்போதுதான் குழப்பம் விளங்கிற்று. தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து மேல்முனைக்குப் போக வேண்டிய ஹோஸ் கீழ்முனையில் இருந்தது; அதனால் ஐட்லிங்கிலேயே டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முன்னேறி வேகம் கூடியிருந்தது. ஏர் கிளீனரின் வெப்பக்காற்றுத் தகட்டை இயக்கும் ஹோஸ் உறிஞ்சலே இல்லாத மேல்முனையில் கிடந்தது. ஆகவே குளிர்ந்த எஞ்சினுக்குச் சூடான காற்று கிடைக்கவில்லை. இரண்டையும் இடம் மாற்றினேன். (டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேனிஃபோல்டு உறிஞ்சலையே கொடுத்து வடிவமைக்கப்பட்ட எஞ்சின்களும் உண்டு, ஆகவே என் காருக்குச் சரியானதை அப்படியே பின்பற்றாமல் உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்கவும்.) பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, டைமிங் லைட் வைத்து அடிப்படை டைமிங்கைச் சரிபார்த்து, மீண்டும் மாட்டினேன்.

இரண்டாவது வாரத்தை ஒரு கசிவு விழுங்கியது. பழைய ஹோஸ்களின் நுனிகள் கெட்டித்துப் போயிருந்ததால் எல்லாவற்றையும் மாற்றினேன். ஆனால் ஓரிடத்தில் உள்விட்டம் சற்றுப் பெரிய ஹோஸைப் போட்டு கிளிப்பால் இறுக்கிவிட்டேன். தளர்வான ஹோஸைக் கிளிப் காப்பாற்றாது. ஓடும் எஞ்சின்மீது கிளீனர் தெளித்துக் கசிவைத் தேடுவோர் பலர். சூடான எக்ஸாஸ்ட் அருகில் அது தீப்பிடிக்கும் என்ற அச்சத்தால் நான் அதைச் செய்வதில்லை. ஒரு துண்டு ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே, ஃபேனுக்கு எட்டாமல், மெல்ல நகர்த்தினால் "ஸ்ஸ்" என்ற ஓசை இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உறிஞ்சலின் உதவியால் பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பிரேக் பூஸ்டரின் தடித்த ஹோஸைக் கடைசியாக மாட்டினேன். அதிலுள்ள ஒருவழி வால்வு, காற்று எஞ்சின் பக்கம் மட்டுமே போகும்படி நிற்க வேண்டும். திருப்பி மாட்டினால் பெடல் கல்லாக இறுகிவிடும். எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்துப் பெடலை மிதித்தேன். முதல் இரண்டு மிதிகளும் மென்மையாகவே இறங்கின; வால்வு உறிஞ்சலைப் பிடித்து வைத்திருந்தது. ஐட்லிங் ஸ்க்ரூவைச் சற்று உள்ளே திருகி 800இல் நிறுத்திவிட்டு, பழைய படங்களைக் கைபேசியிலிருந்து அழித்தேன்.