மதிலும் பெஞ்சும்

கண்டி டவுனுக்கு வந்து 6 வருசம். நான் பிறந்தது அட்டன் பக்கத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயத்தில். வெள்ளைக்காரன் காலத்து அறை, காம்பரா என்போம், 10க்கு 12 அடி. அந்த நெருக்கடியை நான் ஒருநாளும் புகழ மாட்டேன். ஆனால் எல்லா வீட்டு இஸ்தோப்பும், அதாவது முன் திண்ணையும், ஒரே வாசலைப் பார்த்திருந்தது, தண்ணீருக்கு எல்லாரும் ஒரே பீலிக்குத்தான் போனோம். யார் வீட்டில் காய்ச்சல் என்பது விடியுமுன் தெரிந்துவிடும்.

இங்கே ஆளுயர மதில், இரும்பு கேட். 4 வருசம் பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாது. அப்புறம் முனைக்கடை நானா மழைக்கு ஒரு தகரம் இறக்கி, கீழே பெஞ்சு போட்டார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் உட்கார்ந்தார்கள், பேசினார்கள். அங்கேதான் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா என்னை முதல்முறை “துவே”, மகளே, என்று கூப்பிட்டார்.

இப்போது தோட்டங்களில் லயத்துக்குப் பதில் தனிக் காணியில் தனி வீடுகள் வருகின்றன. அது எங்கள் உரிமை, கட்டாயம் வேண்டும். அவற்றுக்கு நடுவே நாலு பேர் உட்கார ஓர் இடமும் விடுங்கள்.

போன கிழமை எனக்குக் காய்ச்சல். விடிகாலையில் கேட்டைத் தட்டும் சத்தம். அந்த அம்மா, கையில் சூடான கொலகெந்த, இலைக்கஞ்சி.