அவிழ்த்துவிட ஓர் இடம்: பே ஏரியா நாய்க்குறிப்புகள்

மார்ச் 8, 2025, சனி

நாய்களைக் கயிறில்லாமல் ஓடவிடும் பூங்காதான் டாக் பார்க். சுப்புவுக்குப் பிடித்த டாக் பார்க் மிளகுக்கு ஆகாது. மிளகு நிம்மதியாக இருக்கும் இடத்தில் சுப்புவுக்குப் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். ஒரே வீட்டில் வளரும் இரண்டு நாய்களுக்கே இப்படி. ஆனால் "நல்ல டாக் பார்க் எது?" என்று வாட்ஸாப் குழுவில் யாராவது கேட்டால் ஆளுக்கொரு பெயர் போடுகிறோமே தவிர, உங்கள் நாய் எப்படிப்பட்டது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அதனால்தான் சான்ஃப்ரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியா பற்றி இந்தக் குறிப்புகள். இடம் பற்றிக் கொஞ்சம், நாய் பற்றி நிறைய.

சுப்பு ஹீலர் கலப்பு, 42 பவுண்டு. மாடு மேய்க்க உருவாக்கிய இனம். ஓடுவது எதுவானாலும் குறுக்கே பாய்ந்து மறிக்க வேண்டும், குதிகாலை லேசாகக் கவ்வ வேண்டும். கோபமெல்லாம் கிடையாது, அவன் ரத்தத்தில் அது வேலை. மிளகு சிவாவா கலப்பு, 11 பவுண்டு, கைவிடப்பட்ட நாய்களைக் காக்கும் ஷெல்டரிலிருந்து வந்தவள். கலிஃபோர்னியா ஷெல்டர்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவாவா கலப்புதான். மனிதரைக் கண்டால் மடியில் ஏறுவாள். பெரிய நாயைக் கண்டால் பெஞ்சுக்கு அடியில்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வேலி போட்ட பூங்கா. மரச்சில்லு பரப்பிய சதுரம், சில பெஞ்சுகள், ஒரு தண்ணீர்க் குழாய். ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கம் நான் பார்த்த டாக் பார்க் பெரும்பாலும் இந்த அமைப்புதான்.

முதலில் கதவு. இரட்டைக் கதவு இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள கூண்டில் நின்று கயிற்றைக் கழற்றிவிட்டுத்தான் உள்கதவைத் திறக்க வேண்டும். கயிற்றோடு உள்ளே போனால் மற்ற நாய்கள் இஷ்டத்துக்குச் சுற்ற, நம் நாய் மட்டும் கட்டுண்டு நிற்கும். விலகிப் போக வழியில்லை என்று தெரிந்துவிட்டால் சாதுவான நாயும் உறுமும். இன்னொன்று, கிராமத்து பஸ் ஸ்டாப்பில் புது ஆள் இறங்கினால் டீக்கடை பெஞ்சே எழுந்து வந்து விசாரிப்பதுபோல, உள்ளே இருக்கும் அத்தனையும் கதவடிக்கு ஓடிவந்துவிடும். அந்த நெரிசலில்தான் வம்பு கிளம்பும். வெளியே நின்று ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்து, கூட்டம் கலைந்தபின் போவது என் வழக்கம்.

இன்று ஒரு இளம் டூடுல் (பூடில் கலப்பு) ஓடியது, சுப்பு விரட்டினான். டூடுலின் சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே, "விளையாடத்தானே செய்றாங்க" என்றார். விளையாட்டா இல்லையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. விரட்டுகிற நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஓடியதை விட்டுவிட வேண்டும். அதற்கு விளையாட்டு வேண்டுமென்றால் தானே திரும்பி வரும். முன்கால் இரண்டையும் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, "வா" என்று கூப்பிடும். டூடுல் வரவில்லை. சொந்தக்காரரின் கால்களுக்குப் பின்னால் போய் நின்று உதட்டை நக்கியது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. சரி, சுப்புவுக்குக் கயிறு மாட்டி வெளியே கூட்டி வந்தேன்.

என் கணக்கில் இந்தச் சதுரங்களின் பெரிய குறை, உள்ளே மனிதர் யாரும் நடப்பதில்லை. நாற்புறமும் போன் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நாய்களுக்கு ஒருவரையொருவர் தவிர வேறு வேலை இல்லை. முகர மணம் இல்லை, போய்ச் சேர இடமில்லை, ஒதுங்க மூலை மட்டும் உண்டு. மூலைக்குப் போன நாய் மாட்டிக்கொண்ட நாய். சுப்பு போன்ற மேய்ப்பு நாய்க்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

மார்ச் 13, வியாழன்

அதே பூங்கா, காலை ஆறரை. வேறு ஊருக்கு வந்ததுபோல் இருக்கிறது. வயதான லாப்ரடார் ஒன்று, ரிடையர்டு தம்பதியின் கார்கி என்ற குட்டைக்கால் நாய் ஒன்று, அவ்வளவுதான். சுப்புவோடு சேர்த்து மூன்றும் ஆளுக்கொரு வேலியோரமாக முகர்ந்துகொண்டு நடந்தன. பூங்காவின் பெயரைக் கேட்பதைவிட நேரத்தைக் கேட்பது புத்திசாலித்தனம். மாலை ஐந்தரை, ஆறு மணி என்பது நாள் முழுக்க வீட்டில் அடைந்து கிடந்த நாய்களின் நேரம். ஞாயிறு காலை பத்து மணி அதைவிட மோசம்.

மிளகுக்குச் சிறிய நாய்களின் தனிப்பகுதி. 25 பவுண்டு, 30 பவுண்டு என்று இடத்துக்கு இடம் எல்லை மாறும். இந்தப் பிரிவினை வெறும் மரியாதைக்காக அல்ல. சின்ன நாய் கீச்சிட்டுக்கொண்டு ஓடினால், அதுவரை நட்பாக இருந்த பெரிய நாயின் மூளையில் அது திடீரென்று முயலாகிவிடும். ஒரே கவ்வு போதும். பெரிய பக்கத்தில் ஆளே இல்லையென்றாலும் மிளகை அங்கே விடுவதில்லை, எந்த நிமிடமும் கதவு திறக்கலாம்.

சிறிய பகுதி என்றால் சாந்தி நிலவும் என்று நினைக்க வேண்டாம். பந்தைக் கண்டால் உலகத்தை எதிர்க்கும் டெரியர்கள் அங்கேதான் இருக்கின்றன. பந்தும் தின்பண்டமும் கொண்டுவராதவர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போகிறோம்.

பொதுத் தண்ணீர்க் கிண்ணத்தில் இரண்டையும் குடிக்க விடுவதில்லை. ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி வந்த வீட்டில் கார்ப்பெட் கழுவியவர்களுக்குக் காரணம் தெரியும்.

மார்ச் 22, சனி

பக்கத்துத் தெரு நண்பரின் லட்டுவையும் கூட்டிக்கொண்டு ரிச்மண்ட் போனோம், பாயின்ட் இசபெல். லட்டு ஒன்றரை வயது லாப்ரடார். எல்லோரும் தன் நண்பர் என்று முடிவு செய்துவிட்டவன். நேராக எதிர்நாயின் முகத்துக்கே ஓடி நெஞ்சால் மோதுவான். நாய் உலகில் அது மகா மரியாதைக்குறைவு. நாகரிகம் தெரிந்த நாய்கள் பக்கவாட்டில் வளைந்து வந்து, வால் பக்கம் முகர்ந்து விலகும். சதுரப் பூங்காவில் லட்டு தினமும் யாரிடமாவது திட்டு வாங்குகிறான்.

பாயின்ட் இசபெல்லில் திட்டு விழவே இல்லை. கிழக்கு விரிகுடாப் பிராந்தியப் பூங்கா மாவட்டத்தின் கடலோர இடம், 23 ஏக்கர். எதிரே கோல்டன் கேட் பாலம் தெரியும். எல்லோரும் பாதையில் நடந்துகொண்டே இருப்பதால் ஒரு நாயோடு அரை நிமிடம்தான் பழக்கம், அதற்குள் சொந்தக்காரர் இருபதடி போயிருப்பார், அது அவர் பின்னால் ஓடிவிடும். லட்டு மோதுவதற்குள் எதிராளி கடந்துவிடுகிறது. போதாக்குறைக்குத் தண்ணீர். கால்வாயில் பந்து விழுந்தால் லட்டுவுக்கு மற்ற நாய்கள் இருப்பதே மறந்துபோகும். முடிந்தபின் குளிப்பாட்டிவிட அங்கேயே கடை இருக்கிறது, நமக்குக் காபியும். கார் நிறுத்துமிடத்தில் கயிறு கட்டாயம். பக்கத்துச் சதுப்பு நிலத்துக்குள் நாய் போகக் கூடாது, பறவைகளின் இடம்.

மிளகைக் கூட்டி வரவில்லை. வேலி இல்லாத, நாய்கள் நூற்றுக்கணக்கில் கடக்கும் இடத்தில் அவளுக்கு என்ன சுகம்?

திரும்பும் வழியில் பெர்க்லியில் ஓலோன் பூங்காவைக் காட்டினேன். அமெரிக்காவின் முதல் டாக் பார்க் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான், 1979. பார்ட் என்ற உள்ளூர் ரயிலுக்குச் சுரங்கம் தோண்டி மூடிய நிலத்தின் மேல் வந்த பூங்கா. லட்டு அதன் வேலியில் காலைத் தூக்கித் தன் மரியாதையைச் செலுத்தினான்.

ஏப்ரல் 5, சனி

சுப்புவின் இடம் கிடைத்துவிட்டது. சான் கார்லோஸ் மலையில் பல்காஸ் ரிட்ஜ். டம்பார்ட்டன் பாலத்துக்கு டோல் கட்டிப் போக வேண்டும், பரவாயில்லை. ஒரு காலத்தில் சான்ஃப்ரான்சிஸ்கோ நகரம் காசநோயாளிகளுக்கு மருத்துவமனை நடத்திய மலை. இப்போது திறந்தவெளிக் காப்பகம், அதன் நடுவே 17.5 ஏக்கர் நாய்களை அவிழ்த்துவிட. அதுவரை ஏறும் பாதையில் கயிறு கழற்றக் கூடாது.

ஓக் மரங்களும் புல்வெளியும் கலந்த இடம். இங்கே சுப்பு யாரையும் மறிக்கவில்லை. எங்களையே மேய்த்தான். முன்னால் ஓடி, வளைவில் நின்று, நானும் இவரும் வருகிறோமா என்று எண்ணிப் பார்த்து, இவர் பின்தங்கினால் போய் அவர் குதிகாலைத் தொட்டுவிட்டு வந்தான். வேலைக்காரனுக்கு வேலை கொடுத்தால் வம்புக்குப் போக மாட்டான் என்று அப்பா சொல்வார், அவர் சொன்னது நாயைப் பற்றி இல்லை.

கவனிக்க வேண்டியவை: பாய்சன் ஓக் (தொட்டால் அரிக்கும் செடி), உண்ணி, வெயில் ஏறியபின் ரேட்டில்ஸ்னேக் என்ற விஷப்பாம்பு. கூப்பிட்டால் வராத நாய்க்கு இந்த இடம் வேண்டாம். வேலி கிடையாது, மான் உண்டு.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. மாங்காய்ப் பச்சடி முடிந்து மாலையில் எதிர்வீட்டு கிரேஹவுண்டைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஊர் ஞாபகம்.

"என்னடி, சிப்பிப்பாறை நாய் மாதிரியே இருக்கு?"

இரண்டும் கண்ணால் பார்த்து விரட்டும் இனம்தான். கால்நீளம், ஒட்டிய வயிறு, கூர்முகம் எல்லாம் ஒன்றுபோல. அந்த வீட்டார், ரேஸிலிருந்து ஓய்வுபெற்ற நாயை எங்கே ஓடவிடுவது என்று என்னைக் கேட்டிருந்தார்கள். அம்மா முந்திக்கொண்டாள்: "வேலி இல்லாத இடத்துல அவுத்துவிடாதீங்கன்னு சொல்லு. முயலக் கண்டா அப்புறம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் காது கேக்காது."

நான் சொல்ல நினைத்ததும் அதுதான். கிரேஹவுண்டுக்கு நீளமான, வேலியுள்ள, வேறு நாய் இல்லாத இடம் வேண்டும். குட்டி நாய்கள் ஓடும் இடம் கூடவே கூடாது. ஸ்னிஃப்ஸ்பாட் போன்ற ஆப்பில் தனியாரின் நிலத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம், அடுத்த ஆள் வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும். நாலைந்து பாய்ச்சல் பாய்ந்தால் போதும், மீதி நாளெல்லாம் சோபாவில் தூங்கும்.

"நாய அவுத்துவிட வாடகையா?" என்று அம்மா கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஃபோர்ட் ஃபன்ஸ்டன். சான்ஃப்ரான்சிஸ்கோவின் தென்மேற்கு மூலை, மணல் மேடு, கீழே பசிபிக், தலைக்கு மேல் இறக்கை கட்டி மிதக்கும் ஹேங் கிளைடர்கள். இந்தப் பக்கத்து நாய்க்காரர்களைக் கேட்டால் சொர்க்கம் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எல்லா நாய்க்கும் அல்ல. சுமார் 200 அடி உயரச் செங்குத்தான மணற்பாறை, விளிம்பு காலடியில் உதிரும். பறவை பறந்தால் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் பாயும் நாய்க்கு இது ஆபத்து. விழுந்த நாய்களை மீட்புக் குழுவினர் கயிறு கட்டி ஏற்றிய சம்பவங்கள் உண்டு. வடக்குப் பகுதியில் தகைவிலான்கள் பாறையில் வளை தோண்டிக் கூடு கட்டுவதால் ஒரு பகுதியை வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள்.

சுப்பு மேலே பறந்த கிளைடரின் நிழலை மேய்க்கப் பார்த்தான். அவனைக் கயிற்றிலேயே வைத்திருந்தேன். அவனுக்கும் ஒன்றும் குறையில்லை. உப்புக் காற்றை முகர்ந்துகொண்டே வந்தான்.

மே 10, சனி

ஃபாக்ஸ்டெயில் என்ற காட்டுப்புல்லின் கதிர் காயும் காலம் வந்துவிட்டது. புல் காய்ந்து பொன்னிறமானால் போட்டோவுக்கு அழகு, நாய்க்கு வினை. கதிரின் ஒவ்வொரு விதையிலும் பின்நோக்கிய முட்கள். உள்ளே ஏறினால் முன்னேறிக்கொண்டே போகுமே தவிர வெளியே வராது. மூக்கில் போனால் அடுக்குத் தும்மல், காதில் போனால் ஓயாத தலையாட்டல். மயக்க ஊசி போட்டு எடுக்க வேண்டிவரும்.

பல்காஸிலிருந்து வந்ததும் சுப்புவைக் கார் டிக்கியில் படுக்கவைத்து ஒவ்வொரு விரலிடுக்காகப் பிரித்துப் பார்த்தேன். வலது முன்காலில், இரண்டாம் மூன்றாம் விரலுக்கு நடுவே, அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாக ஒன்று. தோலைத் துளைக்கவில்லை, முடியில்தான் சிக்கியிருந்தது. மே மாதம் தொடங்கி மழை வரும்வரை அவனுக்குக் காய்ந்த புல்வெளி கிடையாது. வெட்டிய புல், மண்பாதை, கடற்கரை மட்டும். அதற்கும் மீறினால் அந்த மரச்சில்லுச் சதுரம், காலை ஆறரைக்கு.

மே 18, ஞாயிறு

மிளகை இனி டாக் பார்க்குக்குக் கூட்டிப்போவதில்லை என்று முடிவு செய்தோம். இவருக்குக் கொஞ்சம் வருத்தம், "அவளுக்கும் நாலு பிரெண்ட்ஸ் வேண்டாமா?" என்றார். இருக்கிறார்களே. கார்கி வீட்டுத் தம்பதி வாரம் ஒருமுறை தங்கள் பின்கட்டைத் திறந்துவிடுகிறார்கள். தெரிந்த நாய் ஒன்று, தெரிந்த மனிதர் இருவர், ஒளிய ஒரு நாற்காலி. அங்கே மிளகு ஓடுகிறாள், கார்கியைக் கூப்பிட்டு விளையாடுகிறாள். சதுரத்தில் ஒரு நாளும் செய்யாத காரியம். மற்ற நாட்களில் அம்மாவோடு தெரு முனைவரை கயிற்றில் நடை. ஒவ்வொரு கம்பத்தையும் அவள் முகர்ந்து முடிக்கும்வரை நின்று கொடுக்கும் பொறுமை இந்த வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் இருக்கிறது.

எதிர்வீட்டார் கிரேஹவுண்டுக்கு லிவர்மோர் பக்கம் ஒரு நிலம் பார்த்திருக்கிறார்களாம், போட்டோ அனுப்பினார்கள். புல் வெட்டியிருக்கிறது, நல்லது. வேலி மட்டும் நாலடி போலத் தெரிகிறது. அவன் நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடுவான். ஆறடி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டச் சொல்லியிருக்கிறேன்.