சாயங்காலம் ஆனால் மட்டும் நெட் போகும் வீடு

நங்கநல்லூரில் எங்கள் வீட்டில் கீழே அம்மா, நான், மகள். மாடியில் அண்ணன் குடும்பம். ஃபைபர் இணைப்பு ஒன்றுதான், இரண்டு வீட்டுக்கும் பொது. மூன்று வாரமாக நான் பழவந்தாங்கலில் ரயில் இறங்கி வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை முழுதாகக் காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. மகளின் டேப்லெட்டில் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அம்மாவோ, "என்னடி, எனக்கு நல்லாத்தானே வருது" என்று போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். டிவியும் ஓடும்.

கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன். ஆள் காலை பதினொரு மணிக்கு வந்து பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. நானும் பார்த்தேன்: பெட்டியில் எல்ஓஎஸ் சிவப்பு விளக்கு எரியவில்லை, அதாவது ஃபைபரில் வெளிச்சம் ஒழுங்காக வருகிறது. தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றினேன், பயனில்லை. அந்த முகவரிக்கே பிங் போட்டு, பதில் வருகிறதா என்று பார்த்தாலும் பதில் இல்லை என்றபோதுதான் பிரச்சினை டிஎன்எஸ்ஸில் இல்லை என்று புரிந்தது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகும். அதுதான் என்னை அதிகம் குழப்பியது. எதனால் சரியானது என்று தெரியாத வரை அது மறுபடி வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவின் போனையும் என் லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வைஃபை விவரங்களைப் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அம்மாவின் போனில் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், 192.168.1.1, அது எங்கள் ரவுட்டர். என் லேப்டாப்பில் 192.168.0.1. அப்படி ஒன்று எங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? பிரவுசரில் அதையே அடித்தேன். நாங்கள் இரண்டு வருடம் முன்பு பரணில் போட்ட பழைய ரவுட்டரின் லாகின் பக்கம் வந்து நின்றது!

மாடிக்கு ஓடினேன். ஹாலில், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் அது மினுக்கிக்கொண்டிருந்தது. "மேல சிக்னல் வரலைன்னு நான்தான் கீழேருந்து கேபிள் இழுத்து மாட்டினேன் அத்தை. பாஸ்வேர்டு மறந்துபோச்சு, பின்னால குத்தி ரீசெட் பண்ணேன்" என்றான் அண்ணன் மகன். அந்த ரீசெட்டில் அதன் டிஎச்சிபி, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை, மறுபடி உயிர் பெற்றுவிட்டது. வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு கருவியும் "எனக்கொரு முகவரி கொடு" என்று கேட்கும்போது இரண்டு ரவுட்டர்கள் பதில் சொல்லியிருக்கின்றன. எது முந்துகிறதோ அதன் பேச்சைத்தான் கருவி கேட்கும். பழையது தன்னையே வாசலாகக் காட்டும், ஆனால் வெளி இணைப்புக்கான அதன் வேன் (WAN) போர்ட்டில் ஒன்றுமே மாட்டியிருக்கவில்லை, கீழேயிருந்து வந்த கேபிள் வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) போர்ட்டில் இருந்தது. அந்த வாசல் எங்கேயும் போகாது.

சாயங்காலம் மட்டும் ஏன்? அண்ணி வேலைக்குக் கிளம்பும்போது எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவார், ஆறரைக்கு வந்து போடுவார். வெளியே போய்த் திரும்பும் என் லேப்டாப்பும் மகளின் டேப்லெட்டும் அதற்குப் பிறகுதான் புதிதாக முகவரி கேட்கின்றன. பகலிலேயே வாங்கி வைத்திருந்த அம்மாவின் போன், கொடுத்த ரவுட்டரிடமே அதைப் புதுப்பித்துக்கொள்ளும். அம்மா சொன்னது முழுக்க உண்மை. நான்தான் அதைத் துப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

உறுதி செய்துகொள்ள மாடி ரவுட்டரை அணைத்து, லேப்டாப்பில் வைஃபையை விட்டு மறுபடி இணைத்தேன். 192.168.1 வரிசையில் முகவரி வந்தது, நெட்டும் வந்தது.

அப்புறம் அதை மறுபடி போட்டு, முதலில் டிஎச்சிபியை அணைத்தேன். பிறகு அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். எங்கள் ரவுட்டர் 192.168.1.100-லிருந்துதான் முகவரிகளைக் கொடுக்கிறது, அதனால் மோதாது. கேபிளை லேன் போர்ட்டிலேயே விட்டேன். இப்போது அது மாடிக்கு வைஃபை மட்டும் தருகிறது, அண்ணன் மகனுக்கும் சிக்னல் குறையவில்லை.

புது முகவரியையும் "பின் குத்தி ரீசெட் செய்யாதே" என்பதையும் ஒரு தாளில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருக்கிறான்.