தங்கை எங்கே போனாள்?

நாவல் கைப்பிரதிகளைச் செம்மைப்படுத்துவது என் வேலை. பெரிய தீமையை வீழ்த்தச் சின்னத் தீமையோடு கைகோக்கும் கதைகள் அடிக்கடி வரும். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்கும். கூட்டுச் சேர்ந்த கொடியவன் பாதிக் கதையில் திருந்திவிடுவான். இல்லையென்றால் கடைசி அத்தியாயத்தில் நாயகனுக்காக உயிரை விடுவான். அதோடு கணக்கு தீர்ந்துவிடும். இதை என்னால் ஏற்க முடிவதில்லை.

அப்படி வந்த ஒரு கைப்பிரதியில், படையெடுத்து வரும் எதிரியைத் தடுக்க ஊர்த்தலைவி ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவனோடு உடன்படிக்கை செய்கிறாள். அவள் தங்கையின் கணவனைக் கொன்றவன் அவன். அந்தக் காட்சி அருமையாக வந்திருந்தது: இருவருக்கும் நம்பிக்கை இல்லை, வேறு வழியும் இல்லை. அதற்குப் பிறகு தங்கையைக் காணவே காணோம். "எங்கே போனாள்?" என்று எழுதியவரிடம் கேட்டேன். "அவள் வந்தால் போர் பின்னுக்குப் போய்விடும் சார்" என்றார்.

அவரிடம் கம்பராமாயணத்து அங்கதனைப் பற்றிப் பேசினேன். சீதையை மீட்க இராமனுக்குச் சுக்கிரீவன் துணை வேண்டும். அதற்கு விலை வாலியின் உயிர். மறைந்து நின்று அம்பெய்தது முறையா என்று சாகும் வாலி கேட்கிறான். பட்டம் கிடைத்த சுக்கிரீவனோ மதுவில் வாக்கை மறக்கிறான். இலக்குவன் சினந்து வந்த பிறகுதான் படை திரள்கிறது. இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, வாலியின் மகனும் அதே படையில் நடப்பது. அவனையே இராவணனிடம் தூது அனுப்புகிறார்கள். தந்தையைக் கொன்றவனுக்கா நீ தூதன், வானர அரசை உனக்கு நான் தருகிறேன் என்கிறான் இராவணன். அங்கதன் சிரித்து மறுக்கிறான். ஆனால் தந்தையைக் கொன்றவன் என்பதில் பொய் இல்லையே! கூட்டணிக்குக் கொடுத்த விலையை எதிரியின் வாயாலேயே சொல்லவைத்த துணிச்சலை நான் வேறெங்கும் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

"உங்கள் எதிரியும் தங்கையிடம் ஆள் அனுப்பட்டும்" என்றேன்.

அடுத்த வரைவில் அனுப்பினார். தங்கை மறுக்கிறாள், ஊருக்காக, அக்காளுக்காக அல்ல. போர் முடிந்த பின்னும் அக்காளோடு பேசுவதில்லை. இருவரையும் சேர்த்துவைக்கும் ஒரு காட்சியைக் கடைசியில் எழுதியிருந்தார். எடுத்துவிடச் சொன்னேன். ஊரைக் காத்தவளுக்கு இவ்வளவு தண்டனையா என்று அவர் கோபப்பட்டார். நியாயமான கோபம்தான். இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.