பட்டாவுக்கு வரும் பணம், படகுக்காரருக்கு வரும் பணம்

நாகை மாவட்டத்தில் நான் பணியாற்றிய வங்கிக் கிளைக்கு மேற்கே நெல் வயல்களும் கிழக்கே மீனவர் குப்பங்களும் இருந்தன. அதனால் இரண்டு உதவித்தொகைகளை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. ஒன்று, உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக மத்திய அரசு வழங்கும் பிஎம் கிசான். மற்றொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாட்களுக்காக மீனவக் குடும்பங்களுக்கு மாநில அரசு வழங்கும் தடைக்கால நிவாரணம்.

தவணை வரும் வாரங்களில் “பணம் ஏறிடுச்சா சார்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்வதே பாதி வேலையாகிவிடும். ஆதார் வழியாக அனுப்பப்படும் தொகை, பயனாளி எழுதிக் கொடுத்த கணக்குக்கு வருவதில்லை. அவருடைய ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கே போய்விடும். ஒரு மூதாட்டி எங்கள் பாஸ்புக்கை மும்முறை பதியச் சொல்லியும் வரவு தெரியவில்லை. விசாரித்தபோது, சிம் கார்டு வாங்கக் கைரேகை வைத்த இடத்தில் அவர் பெயரில் ஒரு கணக்கு திறக்கப்பட்டிருந்ததும், தவணைகளெல்லாம் அதில் சேர்ந்திருந்ததும் தெரியவந்தன. பணம் தொலையவில்லை; ஆனால் அப்படியொரு கணக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது.

2020-இல் தமிழ்நாட்டில் தகுதியற்ற ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிஎம் கிசான் பட்டியலில் சேர்க்கப்பட்டது அம்பலமானது. சுமார் 110 கோடி ரூபாயைத் திரும்பப் பெற வேண்டியிருந்த நிலையில், சரிபார்ப்பைக் கடுமையாக்கியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மண்வெட்டியும் வலைக்கயிறும் தேய்த்த விரல்களைக் கருவி அடையாளம் காண மறுத்தபோது, உண்மையான பயனாளிகளே வெறுங்கையோடு திரும்பினார்கள். 2023-இல் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி பிஎம் கிசான் செயலியில் வந்தபின் அந்தத் தொல்லை ஓரளவு குறைந்தது.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய கோளாறுகள். எனக்கு உறுத்தலாக இருந்தது இரண்டு திட்டங்களும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை. தடைக்கால நிவாரணத்துக்குச் சொந்தப் படகு தேவையில்லை. கடலுக்குப் போய் மீன்பிடிப்பதே தொழில் என்பது உறுதியானால், அடுத்தவர் படகில் பங்குக்குப் போகிறவரின் குடும்பத்துக்கும் அது கிடைக்கும். அந்தத் தொகை தடைக்காலம் தொடங்கி வெகுநாள் கழித்து வரும்போது, வீட்டு நகை ஏற்கெனவே எங்கள் லாக்கரில் அடகாக இருக்கும் என்பது வேறு கதை. பிஎம் கிசானோ உழவைப் பார்ப்பதில்லை, பட்டாவைப் பார்க்கிறது. காவிரிப் படுகையில் கோயில், மடங்களின் நிலத்தைத் தலைமுறையாகக் குத்தகைக்குப் பயிரிடுவோர் ஏராளம். அவர்கள் பெயரில் பட்டா இல்லாததால் தவணையும் இல்லை. வெளியூரில் மளிகைக் கடை நடத்தும் நில உரிமையாளர், வருமான வரி கட்டாதவராக இருந்தால், பயிர் முகம் பாராமலே அதைப் பெற்றுக்கொள்ளலாம்.

மூன்று ஏக்கர் கோயில் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்ட ஒருவர், பக்கத்து வரிசையில் நின்ற படகுத் தொழிலாளியைக் காட்டி, “அவருக்குப் படகே இல்ல, அவருக்கு வருது. விதைக்கிறதும் அறுக்கிறதும் நான், எனக்கு ஏன் சார் வரல?” என்று கேட்டார். விதியை விளக்கினேன். “அப்ப அந்த விதிய யார்கிட்ட சொல்லி மாத்தணும்?” என்றார். வேளாண்மை அலுவலகத்தில் மனு கொடுக்கச் சொன்னேன். அங்கிருந்தவர்களுக்கும் அந்த விதியை மாற்றும் அதிகாரம் கிடையாது.