ஆஸ்பத்திரி பாஸ்புக்

அரசு மருத்துவமனைகளுக்கும் பாஸ்புக் உண்டு என்பது நிறைய பேருக்குத் தெரியாது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொண்டுவந்த முறை அது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மருந்துக்கென்று ஆண்டுக்கு இவ்வளவு பணம் என ஒதுக்குவார்கள். மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்க அந்தக் கணக்கில் கழியும். 'தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கல்ல' என்று அச்சடித்த மாத்திரை அட்டை நம் கைக்கு வருவது இப்படித்தான். மற்ற மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு, குறை சொல்ல மனசு வராது.

ஆனால் கவுன்டரில் "ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிக்கோங்க" என்று சீட்டைத் திருப்பித் தருகிறார்களே, அப்போது இல்லாதது எது? கணக்கில் பணமா, கிடங்கில் மருந்தா, இல்லை, ஆஸ்பத்திரி மருந்து கேட்டு எழுதவே இல்லையா? மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு வேறு ஆட்கள். திட்டு வாங்குவது மட்டும் மருந்தாளுநர், பாவம்.

2025-க்குள் அரசுகளின் சுகாதாரச் செலவை ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) 2.5 சதவீதம் ஆக்குவோம் என்றது 2017 தேசிய சுகாதாரக் கொள்கை. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கில் அது 1.84 சதவீதம்தான். சரி, அது பெரிய கணக்கு; நம் ஆஸ்பத்திரியின் சின்னக் கணக்குக்கு வருவோம்.

ஒதுக்கீட்டையும் செலவையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. அந்த பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மருந்து கவுன்டர் பக்கத்தில் மாதாமாதம் ஒட்டினால் என்ன?